அணுவை யாரும் பார்க்கவில்லை

‘அணுவை நேரில் காட்டும் கருவி.’ வருடு ஊடுருவு நுண்ணோக்கி, சுருக்கமாக எஸ்.டி.எம்., தமிழில் பெரும்பாலும் இந்த அடைமொழியோடுதான் அறிமுகமாகிறது. மேடைப் பேச்சிலும், கருத்தரங்கின் முதல் படவில்லையிலும், அறிவியல் துணுக்குகளிலும் இதே தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. உடன் ஒரு படமும் வருகிறது: நீலப் பின்னணியில் வரிசை பிசகாமல் அடுக்கிய பொன்னிறக் குமிழ்கள். ‘இவையே அணுக்கள்’ என்று ஓர் அம்புக்குறி. அவை வியக்கிறது, பேச்சாளர் அடுத்த படவில்லைக்குப் போய்விடுகிறார்.

அந்தத் தொடர் பிழையானது. மேடை மிகை என்று மன்னித்து விடக்கூடிய பிழையும் அன்று. கருவி எவ்வாறு இயங்குகிறது, அதன் படத்தை எந்த அளவுக்கு நம்பலாம், எப்போது நம்பக் கூடாது என்னும் மூன்று கேள்விகளையும் எழுமுன்பே அடைத்துவிடும் பிழை அது.

தமிழின் அளவை மரபு அறிவு பெறும் வழிகளைக் காட்சி, கருதல், உரை எனப் பிரித்துப் பேசியது. புலனால் நேரே அறிவது காட்சி. புகையைக் கொண்டு நெருப்பை அறிவது கருதல். நம்பத்தக்கவர் சொல்லக் கேட்டு ஏற்பது உரை. மணிமேகலையின் தருக்கப் பகுதியில் அறவண அடிகள் முதலிரண்டை மட்டுமே தனி அளவைகளாக ஏற்று, ஏனையவற்றைக் கருதலில் அடக்குகிறார். இந்தப் பாகுபாட்டை எஸ்.டி.எம். படத்தின்மேல் பொருத்தினால் கோளாறு எங்கே என்பது தெளிவாகும். அப்படம் கருதலால் பெற்ற அறிவு. அதைக் காட்சி என்று விளம்பரம் செய்கிறார்கள். வகுப்பில் உரையாக ஒப்படைக்கிறார்கள். இடையில் காணாமற்போவது கருதல். இக்கருவியின் அறிவியல் முழுவதும் குடியிருப்பதோ அந்தக் கருதலில்தான்.

இக்குறை எங்கும் உள்ளதே. சித்தூர்–திருப்பதி வட்டாரத்தை முன்வைத்துப் பேசுவது ஏன் என்று கேட்கலாம். 1954இல் தோன்றிய ஸ்ரீ வெங்கடேசுவரா பல்கலைக்கழகமும், 2015இல் தொடங்கிய இந்தியத் தொழில்நுட்பக் கழகமும், அதே ஆண்டில் தொடங்கிய இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனமும் திருப்பதியையும் அதன் அண்மையையும் சார்ந்தவை. குப்பத்தில் 1997இல் எழுந்த திராவிடப் பல்கலைக்கழகம் திராவிட மொழிகளுக்கென்றே நிறுவப்பட்டது. நகரி, சத்தியவேடு, குப்பம் பகுதிகளில் வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்கும் பேசி வளரும் பிள்ளைகள் இன்றும் உள்ளனர். அவர்களுக்கெனத் தமிழ்வழிப் பள்ளிகளும் உள்ளன. அப்பிள்ளைகள் உயர்கல்வியில் இயற்பியலைச் சந்திப்பது மூன்றாவது மொழியாகிய ஆங்கிலத்தில். மொழிக்கென ஒரு பல்கலைக்கழகமும் அறிவியலுக்கென இத்தனை நிறுவனங்களும் ஒரே வட்டாரத்தில் இருந்தும், தாய்மொழியில் அவர்களுக்குக் கிடைப்பது பொன்னிறக் குமிழ்களும் ஓர் அடைமொழியும் மட்டுமே என்றால், குறை பிள்ளைகளிடம் இல்லை.

முதலில் கருவி உண்மையில் செய்வது என்ன என்று பார்க்க வேண்டும்.

டங்ஸ்டன் போன்ற உலோகத்தாலான கூரிய முனை ஒன்றை, மின்கடத்தும் பரப்பின் மேல் ஏறத்தாழ 5 முதல் 10 ஆங்ஸ்ட்ரம் உயரத்தில் நிறுத்துகிறார்கள். ஓர் ஆங்ஸ்ட்ரம் என்பது ஒரு மீட்டரின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. முனை பரப்பைத் தொடுவதில்லை. இரண்டிற்கும் இடையே சில மில்லிவோல்ட் முதல் சில வோல்ட் வரையிலான மின்னழுத்தம் தரப்படுகிறது. பழைய இயற்பியலின்படி அந்த வெற்றிடத்தைக் கடக்க எலக்ட்ரானுக்கு ஆற்றல் போதாது; மின்னோட்டம் சுழியாகவே இருக்க வேண்டும். ஆயினும் நானோஆம்பியர் அளவில் ஒரு மின்னோட்டம் பாய்கிறது. அதுவே ஊடுருவல் மின்னோட்டம். முனையை வரிவரியாக நகர்த்திச் செல்லும்போது, அம்மின்னோட்டம் மாறாதபடி முனையின் உயரத்தைப் பீசோ படிகம் ஏற்றியும் இறக்கியும் சரிசெய்கிறது. அந்த ஏற்ற இறக்கமே பதிவாகிறது. பரப்பின் ஒவ்வோர் இடத்திற்கும் ஓர் உயர எண். கருவி தருவது இவ்வளவே. பொன்னிறமும் நீலப் பின்னணியும் பக்கவாட்டு ஒளியும் நிழலும் பிறகு கணினியில் சேர்த்தவை.

‘நுண்ணோக்கி’ என்னும் பெயரே இங்கு முதல் தடுமாற்றம். நோக்குதல் கண்ணின் தொழில். இக்கருவியில் கண்ணுக்கு நிகரான உறுப்பு எதுவும் இல்லை. ஒளியும் இல்லை, வில்லையும் இல்லை. ‘வருடு’ என்னும் முன்னொட்டு மட்டுமே உண்மைக்கு அருகில் நிற்கிறது. ‘சுரங்கம்’ என்று பெயர்ப்பதில் இன்னொரு தடுமாற்றம் நேர்கிறது. சுரங்கம் என்றதும் மலையைக் குடைந்து அமைத்த ஒரு வழி நினைவுக்கு வரும். எலக்ட்ரான் எதையும் குடைவதில்லை. தடைக்குள் அதற்கென ஒரு பாதையும் இல்லை. உலோகத்தின் விளிம்போடு நின்றுவிடாமல் வெற்றிடத்திற்குள்ளும் எலக்ட்ரானின் அலைச்சார்பு தேய்ந்துகொண்டே நீள்கிறது. முற்றிலும் தேய்வதற்கு முன் அடுத்த உலோகம் எதிர்ப்பட்டால், எலக்ட்ரான் அங்கே தோன்றுவதற்குச் சிறு வாய்ப்பு மிஞ்சுகிறது. பெயர் உவமையாக இருப்பதில் குற்றமில்லை. உவமையையே விளக்கமாகக் கொள்வதுதான் குற்றம்.

அந்தத் தேய்மானத்தைக் கணக்கிட உயர்கணினி தேவையில்லை. தடையின் உயரம் 4 எலக்ட்ரான்வோல்ட் என்று கொள்ளலாம். உலோகங்களின் வெளியேற்று ஆற்றல் ஏறக்குறைய அந்த அளவினது. எலக்ட்ரானின் நிறையையும் தடையின் உயரத்தையும் பெருக்கி, அதை இரட்டித்து, வர்க்கமூலம் எடுத்து, குறைத்த பிளாங்க் மாறிலியால் வகுத்தால், அலைச்சார்பின் தேய்மான எண் கிடைக்கும்: ஓர் ஆங்ஸ்ட்ரமுக்கு ஏறத்தாழ 1.02. மின்னோட்டம் அலைச்சார்பின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே அதன் தேய்மான எண் இதைப் போல இரு மடங்கு, ஏறத்தாழ 2.05. முனை ஓர் ஆங்ஸ்ட்ரம் விலகினால் மின்னோட்டம் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும் என்பது இதன் பொருள். மின்னோட்டத்தைப் பத்து விழுக்காட்டுப் பிசகுக்குள் நிலைநிறுத்த முடிந்தால், இடைவெளியை 0.05 ஆங்ஸ்ட்ரமுக்குள் நிலைநிறுத்தியதாகும். பரப்பின் ஏற்ற இறக்கத்தை இக்கருவி இத்தனை நுட்பமாக உணர்வது எப்படி என்பதற்கு இந்த ஒரு கணக்கே விடை. மேல்நிலைப் பள்ளி மாணவர் ஒருவர் ஒரு பக்கத்தில் போட்டுவிடலாம்.

இன்னொரு படியும் உண்டு. முனையின் நுனியில் ஓர் அணு மட்டும் துருத்திக்கொண்டிருந்து, அடுத்த அடுக்கின் அணுக்கள் 2.5 ஆங்ஸ்ட்ரம் பின்னால் இருந்தால், பின்னுள்ள அணு ஒவ்வொன்றின் பங்கும் முன்னணுவின் பங்கில் நூற்றைம்பதில் ஒன்றுக்கும் குறைவு. அதனால்தான் சாதாரண முறையில் அரித்தோ வெட்டியோ செய்த கம்பியின் நுனியும் அணுவளவு கூர்மையோடு செயல்பட முடிகிறது. கூர்மையைத் தருவது கைவினையைவிட அடுக்குக்குறிச் சார்பு.

பெரும்பாலான அறிமுகங்கள் இவ்விடத்தில், வந்தால், நின்றுவிடும். கடினமான கேள்வி இதற்குப் பிறகே தொடங்குகிறது. மேற்சொன்ன கணக்கு செங்குத்து நுட்பத்தை விளக்குகிறது. பக்கத்துப் பக்கத்து அணுக்களைப் பிரித்துக் காட்டும் கிடைமட்ட நுட்பத்தை அது விளக்குவதில்லை. இரண்டையும் ஒன்றாக்கி ‘அடுக்குக்குறிச் சார்பினால் அணுக்கள் தெரிகின்றன’ என்று எழுதிவிடுவது பரவலான பழக்கம்.

கிடைமட்ட நுட்பத்தின் வரலாறே இக்கட்டுரையின் வாதத்திற்குச் சிறந்த சான்று. 1961இல் ஜான் பார்டீன், இரண்டு உலோகங்களின் எலக்ட்ரான் நிலைகளைத் தனித்தனியே கணக்கிட்டு, இடையிலுள்ள ஒரு பரப்பில் அவை எந்த அளவுக்கு மேற்பொருந்துகின்றன என்பதைக் கொண்டு ஊடுருவல் மின்னோட்டத்தைப் பெறும் முறையை வகுத்தார். அவர் காலத்தில் எஸ்.டி.எம். இல்லை, மெல்லிய ஆக்சைடு படலங்களினூடே நிகழும் ஊடுருவலுக்காக எழுதிய முறை அது. சூரிச்சை அடுத்த ஐ.பி.எம். ஆய்வகத்தில் கெர்ட் பின்னிக், ஹைன்ரிஷ் ரோரர் குழுவினர் 1981இல் கருவியை இயக்கிக் காட்டியபின், டெர்சாஃப், ஹாமன் இருவரும் 1983இல் பார்டீன் முறையை அதற்குப் பொருத்தினர். முனையின் விவரம் எவருக்கும் தெரியாது. எனவே அதை உருண்டையான, கோளச் சமச்சீருள்ள ஓர் எலக்ட்ரான் நிலையாகக் கொண்டனர். கிடைத்த முடிவு எளிமையானது: குறைந்த மின்னழுத்தத்தில், முனையின் வளைவு மையம் இருக்கும் இடத்தில், ஃபெர்மி ஆற்றலில் பரப்புக்கு உள்ள எலக்ட்ரான் நிலைகளின் அடர்த்திக்கு மின்னோட்டம் நேர்விகிதத்தில் இருக்கும்.

இந்த முடிவின் பொருளை ஒருமுறை நிதானமாக வாசித்தால், ‘அணுவை நேரில் காட்டும் கருவி’ என்னும் தொடர் நிற்க இடமின்றிப் போகும். முனை பின்பற்றுவது அணுக்கருவின் இருப்பிடத்தை அன்று. ஒரு குறிப்பிட்ட ஆற்றலில் எலக்ட்ரான் நிலைகள் எங்கே அடர்ந்துள்ளன என்பதன் சமமட்டக் கோட்டையே அது பின்பற்றுகிறது. அணு இருக்கும் இடமும் நிலைகள் அடர்ந்த இடமும் பல வேளைகளில் ஒன்றாக இருக்கும். இல்லாத வேளைகளும் உண்டு. எந்த வேளை எது என்பதைப் படம் சொல்லாது. மாதிரி மட்டுமே சொல்லும்.

அந்த மாதிரியும் ஓரிடத்தில் தடுக்கி விழுந்தது. முனையின் ஆரத்தையும் இடைவெளியையும் கொண்டு டெர்சாஃப், ஹாமன் கணித்த கிடைமட்ட நுட்பம் ஏறத்தாழ 5 ஆங்ஸ்ட்ரம். நெருங்கி அடுக்கிய உலோக அணுக்களின் இடைவெளியோ 3 ஆங்ஸ்ட்ரமுக்கும் குறைவு. ஆகவே அத்தகைய பரப்புகளில் தனித்தனி அணுக்கள் பிரிந்து தோன்றக் கூடாது. ஆனால் 1987இல் தங்கத்தின் (111) பரப்பில் அவை பிரிந்தே பதிவாயின. 1990இல் ஜூலியன் சென் தந்த விளக்கம் முனையின் பக்கம் திரும்பியது: டங்ஸ்டன் நுனியில் உருண்டையான நிலைக்குப் பதிலாகப் பரப்பை நோக்கி நீண்டு நிற்கும் டி-நிலை ஒன்று இருந்தால் பதிவு கூர்மையாகும். ஒரே பரப்பு, வேறு முனை, வேறு படம். காண்பதாகச் சொல்லப்படும் பொருளைப் போலவே, காண்பதாகச் சொல்லப்படும் கருவியின் நுனியும் அப்படத்தில் சரிபாதி எழுதியிருக்கிறது. தடித்த விரலால் பிரெயில் எழுத்தை வருடுபவருக்குப் புள்ளியின் வடிவோடு தம் விரலின் வடிவும் சேர்ந்தே உணரப்படுவது போன்றது இது.

இனி, படம் தன்னைத்தானே மறுத்துக்கொள்ளும் இடங்கள்.

காலியம் ஆர்சனைடின் (110) பரப்பை எடுத்துக்கொள்ளலாம். பரப்புக்கு நேர் மின்னழுத்தம் தந்தால், முனையிலிருந்து எலக்ட்ரான்கள் பரப்பின் காலி நிலைகளுக்குள் பாய்கின்றன, அந்நிலைகள் காலியம் அணுக்களைச் சுற்றி உள்ளவை, காலியம் குமிழாகிறது. மின்னழுத்தத்தின் குறியை மாற்றினால் நிரம்பிய நிலைகளிலிருந்து எலக்ட்ரான்கள் வெளியேறுகின்றன. அவை ஆர்சனிக்கைச் சுற்றி உள்ளவை. இப்போது ஆர்சனிக் குமிழாகிறது. ஃபீன்ஸ்ட்ரா குழுவினர் 1987இல் இதைக் காட்டினர். பரப்பில் ஓர் அணுவும் அசையவில்லை. மாறியது மின்னழுத்தத்தின் குறி மட்டுமே. ‘இவையே அணுக்கள்’ என்று அம்புக்குறி இடுபவர் எந்தப் படத்தின்மேல் இடுவார்?

எளிதில் கிடைப்பதால் பயிற்சிக்கு முதலில் எடுக்கப்படும் பொருள் கிராஃபைட். அதன் அடுக்கில் கார்பன் அணுக்கள் அறுகோணத்தின் ஆறு மூலைகளிலும் உள்ளன. அண்டை அணுக்களின் இடைவெளி 1.42 ஆங்ஸ்ட்ரம். வழக்கமாகக் கிடைக்கும் எஸ்.டி.எம். படத்தில் ஆறில் மூன்றே தெரியும். குமிழ்களின் இடைவெளி 2.46 ஆங்ஸ்ட்ரம். கீழ் அடுக்கில் தனக்கு நேர் அடியில் ஓர் அணுவைக் கொண்ட கார்பனுக்கு ஃபெர்மி ஆற்றலில் நிலைகளின் அடர்த்தி குறைவு, அது மங்கிவிடுகிறது. அடியில் அணு இல்லாத கார்பன் ஒளிர்கிறது. மாதிரி தெரியாத மாணவர் குமிழ்களை எண்ணி, கிராஃபைட்டின் அணு அமைப்பு முக்கோண வலை என்று முடிவுகட்டுவார். கண்ணை நம்பியதற்கு அவர் பெறும் பரிசு பிழையான விடை. பல உலோகப் பரப்புகளில் ஒட்டியுள்ள ஆக்சிஜன் அணு மேடாகத் தோன்றாமல் குழியாகத் தோன்றுவதும் இவ்வகையே.

கருவியின் புகழை நிலைநாட்டிய சிலிக்கான் (111) 7×7 பரப்பின் கதையும் அடிக்கடி திரித்துச் சொல்லப்படுகிறது. பின்னிக், ரோரர் குழுவினர் 1983இல் வெளியிட்ட படத்தில் ஒவ்வொரு சாய்சதுர அலகிலும் 12 மேடுகள் இருந்தன. ‘பல்லாண்டுப் புதிரைக் கருவி பார்த்தே தீர்த்தது’ என்பது வழக்கமான வாசகம். படம் பெரிய உதவி செய்தது. பல பழைய மாதிரிகளைத் தள்ளுபடி செய்தது. ஆனால் மேல்மட்டத்து 12 அணுக்களுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதை அது சொல்லவில்லை. இரட்டையணுக்களும் அடுக்குப் பிழையும் கொண்ட முழுக் கட்டமைப்பைத் தகயனகி குழுவினர் 1985இல் எலக்ட்ரான் விளிம்புவிளைவுச் சோதனையிலிருந்து முன்வைத்தனர். அதே பரப்பைப் பரப்பின் எதிர் மின்னழுத்தத்தில் வருடினால் அலகின் இரு பாதிகளும் சமமற்ற உயரத்தோடு தோன்றுகின்றன. அந்த ஏற்றத்தாழ்வு பெரும்பாலும் எலக்ட்ரான் நிலைகளால் வருவது. பின்னிக்கும் ரோரரும் 1986இல் எர்ன்ஸ்ட் ருஸ்காவோடு பகிர்ந்துகொண்ட நொபெல் பரிசு கருவியின் வடிவமைப்புக்காக வழங்கப்பட்டது. அணுவைக் கண்ணால் கண்டதற்காக எவருக்கும் பரிசு தரப்படவில்லை.

கருதலைத் தள்ளிவைத்துக் காட்சியை நம்பினால் நேர்வது என்ன என்பதற்கும் வரலாற்றில் சான்று உண்டு. 1980களின் இறுதியில் கிராஃபைட் பரப்பின்மேல் டி.என்.ஏ.வை வைத்து எடுத்த எஸ்.டி.எம். படங்கள் வெளிவந்தன. முறுக்கிய இழைகள், சீரான இடைவெளியில் திருப்பங்கள். பார்த்தவர் எவரும் ஐயுறாத தோற்றம். 1991இல் கிளெம்மர், பீப் இருவரும் டி.என்.ஏ. எதுவும் வைக்காத வெறும் கிராஃபைட்டை வருடி, அதே போன்ற முறுக்கிழைகளைக் காட்டினர். கிராஃபைட் படிகத்தின் படிவிளிம்புகளும் குறைபாடுகளும் தாமே டி.என்.ஏ.வின் வேடம் புனையக்கூடியவை. அதுவரை வந்த படங்களில் எது மூலக்கூறு, எது கிராஃபைட் என்னும் ஐயம் அத்துறையின்மேல் கவிந்தது. எதிர்பார்த்த வடிவத்தைக் கண் தேடியது, கண்டுகொண்டது. எந்த வடிவம் எந்தக் காரணத்தால் வர வேண்டும் என்று முன்னரே கணக்கிடாதவர்க்கு ஏமாறுவதிலிருந்து காப்பு இல்லை.

மொழியியல் பயில்பவர்க்கு இந்நிலை புதிதன்று. ‘கடல்’, ‘அகல்’, ‘தங்கம்’ ஆகிய மூன்று சொற்களிலும் ககரம் ஒன்றே, ஒலி மூன்று. மொழிக்கு முதலில் வல்லொலி. உயிர்களுக்கு இடையில் உரசொலி. மெல்லினத்தை அடுத்து அதிர்வொலி. எழுத்தை மட்டும் பார்க்கும் அயலார் மூன்றையும் ஒன்றாகவே வாசிப்பார். தமிழர் பிழையின்றி வாசிப்பது கண்ணின் கூர்மையால் அன்று. எழுத்தை ஒலியாக்கும் விதி அவருக்குள் இருப்பதால். எஸ்.டி.எம். படத்தின் குமிழ் அந்த ககரத்தைப் போன்றது. மின்னழுத்தம், முனையின் நிலை, அடியிலுள்ள அடுக்கு ஆகிய சூழல்களே அது காலியமா ஆர்சனிக்கா, மேடா வெறும் அடர்த்தியா என்று தீர்மானிக்கின்றன. விதி தெரியாமல் குமிழைக் காட்டுவது, இலக்கணம் தெரியாதவர்க்கு நெடுங்கணக்கைக் காட்டி ‘இதுவே தமிழ்’ என்பதற்கு ஒப்பாகும்.

இந்த நேர்மையைக் கற்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதும் இல்லை. திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் வழிப்புறத்துக் காதங்கியில் தேசிய வளிமண்டல ஆராய்ச்சி ஆய்வகம் உள்ளது. அங்குள்ள எம்.எஸ்.டி. ரேடார் 1024 யாகி அலைவாங்கிகளைக் கொண்டு 53 மெகாஹெர்ட்ஸ் அலைகளை வானுக்கு அனுப்புகிறது. காற்று கண்ணுக்குத் தெரியாதது; அந்த ரேடாருக்கும் தெரியாது. அலைநீளத்தில் பாதியளவு, அதாவது ஏறத்தாழ 2.8 மீட்டர் அளவு கொண்ட ஒளிவிலகல் எண்ணின் ஏற்றத்தாழ்வுகளிலிருந்து மெல்லிய எதிரொலி திரும்புகிறது. அதன் டாப்ளர் பெயர்ச்சியைப் பல திசைகளில் அளந்து, சமன்பாடுகளைத் தீர்த்து, காற்றின் வேகத்தைப் பெறுகிறார்கள். ‘காதங்கியில் காற்றைப் படம்பிடித்தார்கள்’ என்று எவரும் எழுதுவதில்லை. ‘காற்றின் வேகத்தைக் கணித்தார்கள்’ என்றே எழுதுகிறார்கள். 2.8 மீட்டருக்குக் காட்டும் கண்ணியத்தை 2.8 ஆங்ஸ்ட்ரமுக்கு ஏன் மறுக்க வேண்டும்?

எதிர்வாதங்கள் மூன்று முன்வைக்கப்படலாம்.

முதலாவது, மாணவரை ஈர்க்க முதலில் வியப்பு வேண்டும். கணக்கு பின்னர் வரட்டும் என்பது. பின்னர் வரும் என்ற வாக்குறுதி தமிழில் பெரும்பாலும் நிறைவேறுவதில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். குமிழ்ப் படத்தைவிட வியப்பானது, மின்னழுத்தத்தின் குறியை மாற்றியதும் ஓர் இனத்து அணுக்கள் மறைந்து மற்றோர் இனம் எழுவது. ஓர் ஆங்ஸ்ட்ரமுக்கு எட்டு மடங்கு என்னும் எண்ணும் அத்தகையதே. 1993இல் செம்பின்மேல் 48 இரும்பு அணுக்களை வட்டமாக அடுக்கிய புகழ்பெற்ற படத்தின் உள்ளே தெரியும் வளைய அலைகள் அணுக்களே அல்ல, வேலிக்குள் சிக்கிய எலக்ட்ரான் அலைகள் என்று அறியும்போது வியப்பு குறைவதில்லை. வியப்புக்கும் கணக்குக்கும் பகை மூட்டுவது கற்பிப்பவரின் சோம்பல்.

இரண்டாவது, கண்ணும் மூளையின் கருதலால்தான் காண்கிறது. ஒளி நுண்ணோக்கியில் காண்பதைக் ‘காண்பது’ என்று சொல்லும்போது இதற்கு மட்டும் தடை ஏன் என்பது. இது மதிக்கத்தக்க வாதம். ஆனால் ஒளி நுண்ணோக்கியின் விளக்குக்குச் செல்லும் மின்சாரத்தின் குறியை மாற்றினால் செல்லின் உட்கரு மறைந்து செல்சுவர் தோன்றுவதில்லை. வில்லை, பொருளின் புள்ளியைப் படத்தின் புள்ளிக்குக் கொண்டு செல்கிறது. அந்த ஒப்புமையை நம்பியே கண் பழகியிருக்கிறது. எஸ்.டி.எம்.மில் அந்த ஒப்புமை இல்லை. கருதலின் அளவு கூடும்போது அதை மறைப்பதன் தீங்கும் கூடுகிறது.

மூன்றாவது, இவற்றையெல்லாம் சொல்லத் தமிழில் சொல் இல்லை என்பது. மேலே பார்டீன் முறையும், டெர்சாஃப்–ஹாமன் முடிவும், சென்னின் திருத்தமும் தமிழிலேயே சொல்லப்பட்டன. எலக்ட்ரானும் ஃபெர்மியும் கடன்சொற்களாக வந்ததால் வாக்கியம் எதுவும் இடியவில்லை. தட்டுப்பாடு சொல்லில் இல்லை. தொடர் வாதத்தை எழுதும் பழக்கத்தில் உள்ளது. கலைச்சொல் பட்டியல்கள் குவிகின்றன. அச்சொற்களைக் கொண்டு ஒரு கணக்கை முதலிலிருந்து முடிவுவரை நடத்திச் செல்லும் பத்து பக்கங்கள் அரிதாகவே எழுதப்படுகின்றன. பெயர் வைத்துவிட்டால் பொருள் வசப்பட்டது என்னும் மயக்கம், படம் எடுத்துவிட்டால் அணு வசப்பட்டது என்னும் மயக்கத்தின் உடன்பிறப்பு.

வினைச்சொல்லின் அளவிலும் தமிழ் ஏழையன்று. ‘காண்’ வேறு, ‘கண்டறி’ வேறு என்று இம்மொழி பிரித்தே வைத்திருக்கிறது. தெலுங்கும் அவ்வாறே: தமிழின் ‘காண்’ என்பதற்கு இனமான ‘கனு’ காண்பதைக் குறிக்கும்; அதிலிருந்து பிறந்த ‘கனுகொனு’ கண்டறிவதைக் குறிக்கும். நகரித் தெருவில் இரு மொழியும் பேசும் பிள்ளைக்கு இந்த வேறுபாட்டை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ‘அணுவைக் கண்டறிகிறார்கள்’ என்று எழுதினால் ‘எவ்வாறு’ என்னும் கேள்வி தானே எழும். ‘அணுவைக் காண்கிறார்கள்’ என்று எழுதினால் அக்கேள்விக்கு இடமே இல்லை.

இதில் இழப்பவர் யார் என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஆங்கிலவழியில் பயின்றவர் இன்றோ நாளையோ சமன்பாட்டைச் சந்தித்துவிடுவார். பாடநூல் அவர் மொழியில் இருக்கிறது. தமிழ்வழியில் வந்தவருக்குப் படமும் வியப்பும் முன்கூட்டியே பங்கிடப்பட்டுவிடுகின்றன. சமன்பாடு ‘பிறகு’ என்று ஒதுக்கப்படுகிறது. ஒரு சாரார்க்கு மாதிரி, மறு சாரார்க்குப் படம் என்னும் இப்பங்கீடு எளிமைப்படுத்தல் என்ற பெயரில் நடக்கிறது. ஆய்வகத்தில் கருவியின் முன் அமரும் நாளில் முதலாமவர் ‘இக்குமிழ் ஏன் இங்கே?’ என்று கேட்பார். இரண்டாமவர் ‘குமிழ் வந்துவிட்டது’ என்று மகிழ்வார். இருவரின் திறமையிலும் வேறுபாடு இல்லை. அவர்களுக்குத் தரப்பட்ட வாக்கியங்களிலேயே வேறுபாடு உள்ளது.

செய்யத்தக்கவை எளியவை. படத்தைக் காட்டுவதற்கு முன் கரும்பலகையில் ஓர் ஆங்ஸ்ட்ரமுக்கு எட்டு மடங்கு என்னும் கணக்கைப் போட வேண்டும். ஒரு பரப்பின் படத்தைக் காட்டும்போது எதிர்க்குறி மின்னழுத்தத்தில் எடுத்த படத்தையும் அருகில் வைக்க வேண்டும். கிராஃபைட் படத்தைக் காட்டி, ‘ஆறில் மூன்று எங்கே?’ என்று கேட்டு மாணவரைத் திணறவிட வேண்டும். அத்திணறலிலிருந்து டெர்சாஃப்–ஹாமன் முடிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். குப்பத்து மொழி அறிஞர்களும் திருப்பதி இயற்பியலாளர்களும் ஒரு மேசையில் அமர்ந்து, கலைச்சொல் அகராதிக்குப் பதிலாக, இப்பொருள் குறித்து முழு வாதத்தோடு கூடிய ஒரு சிறுநூலைத் தமிழிலும் தெலுங்கிலும் எழுத வேண்டும். இவற்றில் எதற்கும் புதிய கட்டடம் தேவையில்லை.

அதுவரை ஒரு சிறிய ஒழுங்கையாவது கடைப்பிடிக்கலாம். பொன்னிறக் குமிழ்ப் படத்தை அடுத்த முறை வெளியிடுபவர் அதன் கீழே மூன்று செய்திகளை எழுதட்டும்: பரப்பு எது, மின்னழுத்தத்தின் அளவும் குறியும் என்ன, மின்னோட்டம் எவ்வளவு. அவற்றை எழுத இயலாதவர் அப்படத்தை வெளியிட வேண்டியதில்லை.